அவரை விதைகளோடு பேசியவர்கள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் மருமகளும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மெக்ஸிகோ நகரச் சந்தையில் வாங்கியதாக நீ அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். பெருக்கல் குறிபோல் கட்டங்கள் வரைந்த ஒரு பாய், சிவப்பில் ஆறும் நீலத்தில் ஆறுமாகக் கற்கள், ஒரு துணிப்பையில் சிவப்பு விதைகள், அதன்கீழே, "அம்மா, இது நம்ம தாயமேதான்!" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசியில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும்.

முதலில் ஒரு திருத்தம். நீ பாட்டியோடு ஆடிய தாயம் சதுரக் கட்டம். நான்கு கைகள் நீண்ட வடிவம் சொக்கட்டானுக்கு உரியது. ஆனால் இந்த ஒப்புமையைக் கண்டு வியந்தவர்களில் நீ முதல் ஆள் அல்ல. எட்வர்ட் டைலர் என்ற ஆங்கில மானிடவியலாளர் 1879-இல் வெளியான ஒரு கட்டுரையில், சொக்கட்டானைப் போன்ற இந்தியாவின் பச்சீசியும், நீ வாங்கிய அந்த மெக்ஸிகோ ஆட்டமான பத்தோல்லியும் இவ்வளவு ஒத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது என்றும், கொலம்பசுக்கு முன்பே அந்த ஆட்டம் ஆசியாவிலிருந்து போயிருக்க வேண்டும் என்றும் வாதிட்டார். நம் காதுக்கு இனிக்கும் வாதம்தான். ஆனாலும் நான் ஏற்கவில்லை. ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெளுக்கவைத்த புளியங்கொட்டையைப் பாட்டி உருட்டியதுபோல, புள்ளியிட்ட அவரை விதையை மெக்ஸிகோ மக்கள் உருட்டினார்கள். இரு பக்கமும் வேறுபட்ட ஒரு விதை கையில் இருந்தால், எறிந்து பார்க்க வேண்டும் என்று எந்த ஊர் மனிதருக்கும் தோன்றும். (அந்தப் புளியே மெக்ஸிகோவுக்கு ஸ்பானியர் காலத்தில்தான் போய்ச் சேர்ந்தது.) உருவத்தை மட்டும் பார்த்து உறவு கொண்டாடினால், அந்த ஆட்டம், ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட அஸ்டெக் மக்களுக்கு என்னவாக இருந்தது என்பது நம் கண்ணில் படாமலே போய்விடும் என்பதுதான் என் கவலை.

அவர்களுக்கு அது ஒரு தெய்வத்தின் முன்னிலையில் நடந்த காரியம். ஃபிளாரன்ஸ் நகர நூலகத்தில் மாக்லியாபெக்கி சுவடி என்று ஒன்று இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டது. அதில் ஒரு பக்கத்தில் நான்கு பேர் பாயைச் சுற்றி உட்கார்ந்து பத்தோல்லி ஆட, பக்கத்தில் மாக்வில்ஷோச்சித்ல் என்ற தெய்வம் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயருக்கு 'ஐந்து மலர்' என்று பொருள். அது 260 நாள் கொண்ட அவர்களுடைய சடங்கு நாட்காட்டியில் ஒரு நாளின் பெயரும்கூட. ஆட்டம், இசை, மலர், களிப்பு எல்லாம் அந்தத் தெய்வத்தின் பொறுப்பு. ஐந்து என்ற எண் அவர்களிடம் அளவுமீறலைக் குறித்தது. ஐந்து என்று தொடங்கும் பெயர்களைக் கொண்ட தெய்வங்கள் இன்பத்தையும் தந்தன, இன்பம் மிஞ்சினால் வரும் தண்டனையையும் தந்தன. பெர்னார்தினோ தே சஹகூன் என்ற ஸ்பானியப் பாதிரியார், அஸ்டெக் மொழி பேசிய நஹுவா முதியவர்களிடம் கேட்டுத் தொகுத்த பெருநூலில், மாக்வில்ஷோச்சித்லுக்குரிய நோன்பு நாட்களில் ஒழுக்கம் தவறியவர்களுக்கு மூல நோயும் மறைவிட நோய்களும் வரும் என்று நம்பியதாக எழுதியிருக்கிறார். களிப்புக்கு அதிபதியே நோயையும் கையில் வைத்திருந்தார் என்றால், அந்தப் பாயின் முன் உட்கார்ந்தவர் வெறும் பொழுதுபோக்குக்காக உட்கார்ந்திருக்க முடியாது.

எறியும் முறையை தியேகோ துரான் என்ற இன்னொரு பாதிரியார் விவரமாகச் சொல்கிறார். சூதாடிகள் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, விதைகளைத் துணியில் முடிந்துகொண்டு திரிவார்களாம். ஆட்டத்துக்கு முன் அந்த விதைகளுக்குத் தூபம் காட்டி, உயிருள்ளவற்றோடு பேசுவதுபோல் அவற்றோடு பேசி, தமக்குச் சாதகமாக விழும்படி கெஞ்சுவார்களாம். பிறகு இரு கைகளுக்கிடையே தேய்த்துப் பாயின்மேல் எறியும்போது, "மாக்வில்ஷோச்சித்ல்!" என்று உரக்கக் கூவிக் கைதட்டிவிட்டு, எத்தனை புள்ளி விழுந்தது என்று குனிந்து பார்ப்பார்களாம். துரான் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று முகம் சுளித்துத்தான் எழுதுகிறார். ஆனாலும் சுளித்த முகத்தோடு இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறாரே என்று அவருக்கு நான் நன்றி சொல்வேன். அவர் எழுதியதை வைத்துப் பார்த்தால், எறிதல் என்பது ஒரு கேள்வி. விழுந்த புள்ளிகள் தெய்வம் சொன்ன பதில். நாம் 'அதிர்ஷ்டம்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகும் இடத்தில் அவர்கள் ஒருவரை நேருக்கு நேர் அழைத்தார்கள்.

பணயமும் அதற்கேற்பக் கனமாக இருந்தது. பச்சைக்கல், பொன், நெய்த துணி, வீடு, நிலம் என்று போய், கடைசியில் தன்னையே வைத்துத் தோற்று அடிமையானவர்களும் உண்டு. எறிந்த விதைகளில் ஒன்று விளிம்பில் குத்திட்டு நின்றுவிட்டால் அது பெரும் அற்புதம். வைத்த பொருள் அனைத்தும் எறிந்தவருக்கே போய்விடும். அரசவையிலும் இது நடந்தது. அஸ்டெக் அரசர் மொக்தெசூமா இதை ஆடச் சொல்லி வேடிக்கை பார்ப்பது வழக்கம் என்று 1552-இல் வெளியான தம் நூலில் ஸ்பானிய வரலாற்றாசிரியர் கோமாரா குறிப்பிடுகிறார்.

நீ வாங்கிய பாயோடு வந்த துண்டுச்சீட்டில், 52 கட்டங்கள் 52 ஆண்டுச் சுழற்சியைக் குறிக்கின்றன என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். 260 நாள் கணக்கும் 365 நாள் கணக்கும் மீண்டும் ஒரே புள்ளியில் சேர 18,980 நாட்கள், அதாவது 52 ஆண்டுகள் ஆகும். அந்த நாளில் எல்லா நெருப்பையும் அணைத்துவிட்டுப் புது நெருப்புக் கடைந்தார்கள், கடைசியாக 1507-இல். இதெல்லாம் உண்மை. ஆனால் அகழாய்வில் கிடைத்த பலகைகளில் கட்டங்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுகிறது. அழகான கணக்கு என்பதற்காகவே அதை எல்லாப் பலகைக்கும் பொருத்திவிடாதே. அந்தச் சீட்டிலுள்ள விதிகளும் இக்காலத்தவர் ஊகித்து அமைத்தவைதான். பாதிரியார்கள் விதிகளை முழுமையாக எழுதிவைக்கவில்லை.

எனக்கு எண்ணிக்கையைவிட இடம்தான் முக்கியமாகப் படுகிறது. மெக்ஸிகோவின் பழைய நகரமான தேயோதிவாக்கானிலும், தீக்கால் போன்ற மாயா நகரங்களிலும், அஸ்டெக் மக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கோயில்கள், அரண்மனைகள் ஆகியவற்றின் சுண்ணாம்புத் தரையிலும் திண்ணையிலும் இந்தக் கட்டங்களைக் கீறிவைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை பூச்சுக் காய்ந்த பிறகு யாரோ கீறியவை. குவாத்தமாலாவின் நாச்துன் நகரில் கிடைத்த ஒன்று மட்டும் வேறு மாதிரி: தரை போடும்போதே ஈரச் சாந்தில் சிவப்புப் பானை ஓடுகளைப் பதித்துக் கட்டங்களை அமைத்திருக்கிறார்கள். போகிற போக்கில் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். வீட்டைக் கட்டும்போதே பூசை அறைக்கு இடம் ஒதுக்குவதுபோல, அந்த ஆட்டத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஸ்பானியப் பாதிரியார்களும் அதன் கனத்தை உணர்ந்திருந்தார்கள். அதில் மூடநம்பிக்கை கலந்திருப்பதாகச் சந்தேகம் எழுந்ததால் மக்கள் ஆடுவதை விட்டுவிட்டார்கள் என்று சஹகூன் எழுதுகிறார். முழுவதும் விட்டுவிடவில்லை என்பது 1920-களில் தெரிந்தது. புவெப்லா மாநில மலையூர்களில் அது இன்னும் ஆடப்படுவதைத் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ பதிவுசெய்தார். உனக்கு விடுமுறை கிடைத்தால் அந்தப் பக்கம் ஒருமுறை போய் வா.

கடைசியாக, அந்தச் சிவப்பு விதைகள். துரான் சொல்வது கறுப்பு அவரை. உன் பையில் இருப்பவை, படத்தைப் பார்த்தால், அங்கே கொலோரின் என்று அழைக்கும் மரத்தின் விதைகள்போலத் தெரிகின்றன. அது நம் கொல்லையில் நின்ற கல்யாண முருங்கையின் இனம். விதை நச்சு உடையது. ஆடி முடித்ததும் எண்ணிப் பார்த்து, பேரன் எடுத்து வாயில் போட்டுவிடாதபடி மேல் அலமாரியில் வைத்துவிடு.

அன்புடன்,
அம்மா