தேனீயோடு ஈயையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகரந்தச் சேர்க்கை பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதில் முதலிலிருந்து கடைசிவரை தேனீயும் வண்ணத்துப்பூச்சியும்தான். ஈக்களுக்கு ஒரு வரிகூட இல்லை. நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். மே மாதத்தில் இங்கே புல்வெளிகளில் தென்படும் ஓர் ஈயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

அதன் பெயர் கெய்லோசியா அல்பிடார்சிஸ். புழுப் பருவத்தில், செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்னும் சிர்பிட் ஈயை நம் விவசாயிகள் அறிவார்கள், அதே குடும்பம்தான். ஆனால் இதற்கு மஞ்சள் பட்டைகள் கிடையாது, உடம்பு முழுக்கக் கறுப்பு. இங்கே புல்வெளிகளில் தானாக முளைக்கும் பட்டர்கப் என்ற செடியின் பளபளக்கும் மஞ்சள் பூவின் நடுவே உட்கார்ந்து மகரந்தம் தின்னும்போது, அந்தக் கறுப்பு தூரத்திலிருந்தே கண்ணில் படும். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் முன்னங்கால் பாதத்தில் சில கணுக்கள் வெளிறியிருக்கும், நுனிக் கணு மட்டும் கறுத்திருக்கும்.

பூவோடு முடிகிற உறவில்லை இது. இதன் புழு அசுவினியைத் தொடுவதே இல்லை. படர்ந்து வளரும் பட்டர்கப் செடியின் வேரைக் குடைந்து, அதற்குள்ளேயே வளர்கிறது. பட்டர்கப் விஷச்செடி. பச்சையாகத் தின்றால் மாட்டின் வாயில் கொப்புளம் வந்துவிடும் என்பதால், மேய்ச்சல் நிலத்தில் சுற்றியுள்ள புல் எல்லாம் தீர்ந்தாலும் இது மட்டும் நிற்கும். மாடு ஒதுக்கும் அந்தச் செடிதான் இந்தப் புழுவுக்குச் சாப்பாடும் வீடும்.

இன்னொரு விஷயம். மெய்கன் என்ற பூச்சியியலாளர் 1822-இல் பெயரிட்ட இந்த ஈக்குள் உண்மையில் இரண்டு இனங்கள் இருப்பதை, 2000-இல்தான் டீட்டர் டோச்கல் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் பிரித்துக் காட்டினார். புதிதாகப் பிரிந்ததற்குப் பட்டர்கப்பின் அறிவியல் பெயரையொட்டி கெய்லோசியா ரனுன்குலி என்றே பெயர். ஆண் ஈயின் முன்னங்கால் நுனிக் கணுவை லென்ஸில் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும். பெண் ஈக்களில் அதுவும் கஷ்டம். ரனுன்குலியை, அடித்தண்டு கிழங்குபோல் பருத்திருக்கும் வேறொரு பட்டர்கப்போடு சேர்த்துச் சொல்கிறார்கள். வறண்ட பழைய புல்வெளிகளில் வளரும் செடி அது.

என் கவலையும் இங்கேதான். படரும் பட்டர்கப் வாய்க்கால் ஓரம், தோட்டம் என எங்கும் முளைத்துவிடும். அதை நம்பிய ஈக்கு உடனடி ஆபத்து இல்லை. கிழங்கு பட்டர்கப் அப்படியல்ல. உழுது உரம் போட்டு வேறு புல் விதைத்துவிட்டால் அது போய்விடும். 1930-களிலிருந்து 1984-க்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூ நிறைந்த புல்வெளிகளில் 97 சதவீதம் இப்படித்தான் போனது. பிறகு ஒரு மூலையில் பூவிதை தூவினால் பறந்து வரும் ஈக்கு மகரந்தம் கிடைக்கும், சரி. அது எங்கே முட்டையிடும்? புழு எதைத் தின்னும்?

எந்தப் பூ வைத்தால் எந்தப் பூச்சி வரும் என்ற பட்டியல்கள் நிறைய வருகின்றன. அடுத்த முறை இந்தப் பொருளில் கட்டுரை வெளியிடும்போது, ஈக்களையும் சேர்த்து, ஒவ்வொன்றின் புழுவும் எந்தச் செடியில், எந்த மண்ணில் வளர்கிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இங்கிலாந்திலிருந்து ஒரு வாசகன்