காரில்லா மலைநடை: செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், இவ்வாண்டு சேர்ந்த புதியவர்களுக்கும் வணக்கம்.

சங்கத்தின் நடைகள் வழக்கம்போல் உடுமலைப்பேட்டை – மூணாறு சாலையை ஒட்டியே நடந்தன. சின்னாறு வனவிலங்கு சரணாலயம், மறையூர், இரவிகுளம் தேசியப் பூங்கா மூன்றும் இந்த ஒரே சாலையில் இருக்கின்றன. ஏறத்தாழ 85 கிலோமீட்டர். தமிழ்நாட்டு வண்டியும் ஓடுகிறது, கேரள வண்டியும் ஓடுகிறது. சொந்தக் கார், வாடகை வேன் எதுவும் சங்க நடைக்குக் கிடையாது என்ற விதியில் மாற்றமில்லை. விதிவிலக்குக் கேட்டு வந்த கடிதங்களைச் செயற்குழு ஏற்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கை நடைமுறைக்கு மட்டும்.

நடைக்குத் திட்டம் போடச் சொன்னால், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். சங்கம் மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. மாநில எல்லையிலுள்ள சின்னாறு செக்போஸ்ட்டுக்குப் பஸ் எப்போது வரும் என்று எந்த போர்டிலும் எழுதியிருக்காது. மூணாறில் புறப்படும் நேரம்தான் கிடைக்கும். மூணாறில் 3 மணிக்கு எடுக்கிற வண்டி என்று வைத்துக்கொள்வோம். மறையூருக்கு 40 கிலோமீட்டர் சொச்சம். தேயிலைத் தோட்ட வளைவுகளில் ஒன்றரை மணி நேரம் ஆகும். மறையூரில் டீ குடிக்கப் பத்து நிமிடம். அங்கிருந்து சின்னாறு சுமார் 16 கிலோமீட்டர் இறக்கம், அரை மணிக்கு மேல். ஆக, சின்னாறில் 5.15க்கும் 5.30க்கும் நடுவில் எதிர்பார்க்கலாம்.

அந்த நாளின் கடைசி வண்டி எதுவோ, அதற்கு முந்தைய வண்டிதான் நம்முடைய திரும்பும் வண்டி. கடைசி வண்டி கையிருப்பு மட்டும். ஞாயிறு மாலை மூணாறிலேயே நிரம்பி வரும் பஸ், செக்போஸ்ட்டில் நிற்கும் பத்துப் பேரைப் பார்த்து வேகம் குறைக்காமல் போவதுண்டு. டிரிப் கேன்சல் ஆவதுண்டு. ரோட்டில் கொம்பன் யானை வந்து நின்றால், அது நகர்கிற வரைக்கும் ஓட்டுநரும் நகர மாட்டார், நகரவும் கூடாது. இருட்டிய பிறகு சின்னாறில் காத்திருக்க ஓட்டல் கிடையாது, யானை நடமாட்டம் உண்டு. இதனால்தான் ஞாயிறு நடைகளை வார நாட்களுக்கு மாற்றினோம். வருகை குறைந்தது உண்மை. ஆனால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்தது.

உடுமலையிலிருந்து ஏறுபவர்களுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. திரும்பும் வண்டி சின்னாறில் 3.30 என்றால், 3 மணிக்கு செக்போஸ்ட்டில் இருக்க வேண்டும். முள்காட்டில் வழிகாட்டியோடு, நின்று பார்த்து, மணிக்கு 2 கிலோமீட்டர்தான் நடக்க முடியும். 8 கிலோமீட்டர் நடைக்கு 4 மணி நேரம், தாமதத்துக்கு ஒரு மணி நேரம். ஆக 10 மணிக்கு நடை தொடங்க வேண்டும். அனுமதிச் சீட்டுக்கும் வழிகாட்டி வருவதற்கும் அரை மணி. உடுமலையிலிருந்து சின்னாறு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. எனவே 8 மணிக்குப் பிந்திய வண்டியில் ஏறினால் நடையைச் சுருக்கத்தான் வேண்டும். வெயிலை நினைத்தால் முதல் வண்டியே மேல்.

இறங்கும் இடம் பற்றி இவ்வாண்டும் தகராறு வந்தது. உடுமலையிலிருந்து வரும்போது ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் சின்னாறு வரை சங்கத்தார் யாரும் இறங்கக் கூடாது. மலைவாழ் மக்களுக்காகப் பிரிவுகளில் வண்டி நிற்கும். அது அவர்கள் வீட்டுக்குப் போகும் வழி, நமக்கு அனுமதி இல்லை. சாலையோரமாக நடந்துகொண்டே அடுத்த வண்டியைப் பிடிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஒன்பதாறு தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், சின்னாறு தாண்டியதும் சரணாலயம். இரண்டிலும் ரோடுதான் யானை குறுக்கே கடக்கிற இடம்.

நடத்துநரிடம் “சின்னாறு செக்போஸ்ட்” என்று முழுதாகச் சொல்லி டிக்கெட் எடுக்கவும். கேரள வண்டியின் பெயர்ப்பலகை மலையாளத்தில் மட்டும் இருந்தால் கேட்டுவிட்டு ஏறவும். தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளின் மகளிர் கட்டணமில்லாப் பயணம் மூணாறு வண்டிக்குப் பொருந்தாது. பின் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையைத் தவிர்க்கவும். வளைவுகளில் குமட்டுவது அங்கேதான் அதிகம். இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். பை மடியில் அடங்க வேண்டும், 30 லிட்டருக்கு மேற்பட்டது அடங்காது. ஒன்பதாறு தாண்டினால் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. பஸ் நேரத்தைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும்.

பருவத்தைப் பொறுத்தவரை, இந்தச் சாலையின் இரு முனையும் இரு வேறு நாடு. மூணாறில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலையில் சின்னாறில் வறண்ட காற்று மண்ணை வாரி இறைக்கும். சின்னாறு மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். எனவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூணாறுப் பக்கம் நடை வைப்பதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) உறங்கிய 70 பேர் மாண்டார்கள்; பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த மாதத்தில் அங்கே உல்லாச நடை கூடாது என்பது சங்கத்தின் நிலை. இரவிகுளத்துக்கு ஏப்ரலிலோ செப்டம்பருக்குப் பிறகோ போகலாம். வரையாடு குட்டி போடும் காலத்துக்காகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். மறையூரிலிருந்து போகும் பஸ்ஸில் மூணாறுக்கு முன்னாலேயே ஐந்தாம் மைலில் இறங்க வேண்டும். அதற்கு மேல் கார்காரர்களும் வனத்துறை பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும் என்பதால், அங்கே நமக்கு எந்தக் குறையும் இல்லை.

பிப்ரவரி முதல் கோடை மழை வரை சின்னாறிலும் நடை இல்லை. காரணம் தீ. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டதற்குப் பிறகு இதில் விவாதத்துக்கு இடமில்லை. புல்மேட்டுத் தீ ஏற்றத்தில்தான் வேகமாக ஓடும். மேலே ஓடித் தப்பிக்க நினைப்பவரைத் தீ முந்திவிடும். பக்கவாட்டில் விலகி, பாறைத் திட்டையோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்தையோ அடைய வேண்டும். நடைக்கு முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வழியில் பாறைத் திட்டு எங்கெங்கே இருக்கிறது என்பது.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், ஸ்டீல் பாட்டிலில். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆற்றில் இறங்கக் கூடாது. சின்னாறும் பாம்பாறும் கூட்டாறில் கலந்து அமராவதி அணைக்குப் போகின்றன. அது முதலை உள்ள தண்ணீர். கரையில் நின்றால் போதும். உயரமான மரக்கிளைகளில் சாம்பல் நிற மலை அணிலைத் தேடலாம். கேரளத்தில் அதைப் பார்க்கச் சின்னாறுதான் இடம்.

உண்ணி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புகார் அதிகம் வந்தது இதைப் பற்றித்தான். மழை விட்டுப் புல் காயும் மாதங்களில் பொடி உண்ணி ஏறும். கடுகில் பாதிகூட இருக்காது. கணுக்காலில் தொற்றி மேலேறி, சாக்ஸ் விளிம்பிலும் இடுப்புப் பட்டையிலும் வரிசையாகத் தங்கும். ஊர்ந்துகொண்டிருக்கும்போதே பேக்கிங் டேப்பை ஒட்டி உரித்தால் மொத்தமாக வந்துவிடும். கடித்துப் பதிந்துவிட்டால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியமெல்லாம் வேண்டாம். பஸ் ஏறுமுன் செக்போஸ்ட்டிலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும். பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லவும்.

மறையூரில் பஸ் மாறுபவர்களுக்கு இடைவெளி கிடைத்தால் முனியறைகளுக்கு (பெருங்கற்காலக் கல்லறைகள்) நடந்தே போய் வரலாம். வழியில் கீழே கிடக்கும் சந்தனச் சிராய் ஒன்றைக்கூடக் கையால் தொட வேண்டாம். பையில் இருந்தால் வழக்குத்தான். மறையூர்ச் சர்க்கரை (வெல்ல) உருண்டை வாங்கலாம், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஆனால் ஐந்து கிலோ வாங்கிவிட்டு, நின்றுகொண்டே உடுமலை வரை வருபவரின் பையைச் சங்கம் சுமக்காது.

பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு விஷயங்கள். ஒன்று: ஞாயிறு மாலை மறையூரிலிருந்தே புறப்படும் ஒரு கூடுதல் வண்டி கேட்டு இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மனு கொடுப்பது. வரைவு தயார், திருத்தம் இருந்தால் இன்றே சொல்லவும். இரண்டு: குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030இல். அந்த ஆகஸ்ட் – அக்டோபரில் இந்தச் சாலையில் கார் வரிசைக்குப் பின்னால் பஸ்ஸும் நிற்கத்தான் போகிறது. அப்போது முதல் வண்டியில் மட்டும், வார நாட்களில் மட்டும் நடை வைப்பது என்று விதியில் சேர்க்கலாமா என்பதை வாக்குக்கு விடுகிறேன்.