பழைய படகை வாங்கும் முன் தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ரேடியோ, பழைய பைக் என்று சீர்செய்து ஓட வைப்பவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. பழைய ஃபைபர் படகுகளோடு, அதாவது கண்ணாடி இழையையும் ரெசின் என்ற பிசினையும் சேர்த்து வார்த்த படகுகளோடு, மல்லுக்கட்டுகிற எங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இதில் புதிதாக இறங்குபவர்கள் முதலில் பெயின்ட் டப்பாவைத்தான் திறக்கிறார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் இந்தக் கடிதம்.

ஃபைபர் மக்காது என்பது உண்மை. 1960களில் வார்த்த படகுகள் பல, இந்தப் புதுப் பொருள் எவ்வளவு தாங்குமோ என்ற தயக்கத்தில் தேவைக்கு மேல் கனமாகவே செய்யப்பட்டவை. அவற்றின் உடல் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறது. மக்குவது உள்ளே இருக்கும் மரம். இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவுட், தரைக்கு அடியில் நீளவாக்கில் கட்டைகள், சில படகுகளின் மேல்தளத்துக்குள் பால்சா என்ற லேசான மரம். சரியாக அடைக்காத ஒரு போல்ட் துளை போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் ஃபைபர் மூடியிருப்பதால் அது காயவே காயாது.

அதனால் சின்னச் சுத்தியலின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று கணீரென்று கேட்கும். ஊறிய இடத்தில் சத்தம் அமுங்கிவிடும். இப்போது என்னிடம் இருக்கும் படகின் பின்பலகையில், வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. தட்டினால் சத்தமே எழவில்லை. உட்பக்க ஃபைபரை அறுத்துத் திறந்தேன். பழுப்புத் தண்ணீர் வழிந்தது. பிளைவுட் கறுத்துப்போய், விரலால் தோண்டினாலே கையோடு வந்தது. அதன்மேல் எத்தனை கோட்டிங் அடித்து என்ன பயன்? இன்ஜினின் கனத்தைப் பெயின்டா தாங்கும்?

ஒட்டுப்போடுவதிலும் அவசரம் கூடாது. ஓட்டை 5 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் இருந்தால், அதைச் சுற்றி 60 மில்லிமீட்டர் அகலத்துக்காவது சரிவாகத் தேய்த்துவிட்டுத்தான் மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பை ஒட்ட வேண்டும். காய்ந்துபோன பழைய ஃபைபர்மேல் வழக்கமாக இந்தப் படகுகளை வார்க்கும் பாலியஸ்டர் ரெசினைவிட, எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின் நன்றாகப் பிடிக்கும். எனக்கு எபாக்ஸிதான். ஆனால் அதன்மேல் வழக்கமான ஜெல்கோட் என்ற பளபளப்பான வெளிப்பூச்சு சரியாக இறுகாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். அப்புறம், இறுக்கும் திரவம் கலந்த ரெசினைக் கப்பில் மொத்தமாக வைத்திருக்காதீர்கள். தன் சூட்டிலேயே கொதித்துப் புகைய ஆரம்பித்துவிடும். அகலத் தட்டில் பரப்பிவிட்டால் வேலை செய்யக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தூசி. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஃபைபரைத் தேய்க்கக் கிரைண்டர் பிடிக்கிறார்கள். கண்ணாடித் தூசியைக் கைக்குட்டை தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும், ஃபில்டர் வைத்த மாஸ்க் வேண்டும். ரெசின் வாடைக்குத் தனி ஃபில்டர் உண்டு, தூசி ஃபில்டர் அதற்குப் போதாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை இல்லாமல் கிரைண்டரைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் குழந்தைகள் விளையாடும்போது தேய்க்காதீர்கள்.

இந்தப் படகுகளை வேண்டாமென்று தூக்கிப் போட்டால் உருக்கி வேறொன்றாக வார்க்க முடியாது. இறுகிய பாலியஸ்டர் மறுபடி உருகாது. பெரும்பாலும் குப்பை மேட்டில்தான் போய்க் கிடக்கும். எனவே சீர்செய்யக்கூடியதைச் சீர்செய்ய ஆட்கள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தொழில்முறையில் ஃபைபர் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு, பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றி மட்டுமாவது உங்கள் பத்திரிகையில் ஒரு தொடர் எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
படகு வேலையில் ஈடுபாடுள்ள ஒரு வாசகர்