பேரனின் படிப்பைப் பற்றி மகளுக்கு

வியாசர்பாடி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மூன்றாம் வகுப்பில் புத்தகத்தைக் கீழே வைக்காத பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்ததும் பையைத் திறக்கவே மறுக்கிறான், நீங்கள் வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று வெள்ளிக்கிழமை நீ தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாய். அவனிடம் பேசுவதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

பெரம்பூர் கேரேஜில், அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில், வேலை முடிந்து வந்து, நம் மொட்டை மாடியில் இருபது வருடங்களுக்கு மேல் மாலை வகுப்பு நடத்தியது உனக்கு நினைவிருக்கும். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய பாயில் சின்னவர்களும், கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பெரியவர்களும் உட்காருவார்கள். அங்கே எட்டு வயதுப் பையன் ஒருவன், வளைவில் திரும்பும்போது ரயில் ஏன் தண்டவாளத்தை விட்டு விலகுவதில்லை என்று கேட்டான். டீக்கடைக் காகிதக் கப் இரண்டை வாயோடு வாய் சேர்த்து ஒட்டி, சரிவாக வைத்த இரண்டு மூங்கில் குச்சிகளின் மேல் உருட்டிக் காட்டினேன். கப் ஒரு பக்கம் விலகினால் தானாகவே நடுவுக்குத் திரும்பியது. ரயில் சக்கரத்தையும் 20-க்கு 1 என்ற சரிவில்தான் கடைகிறார்கள். அதனால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய சுற்றளவில் உருண்டு, அதிக தூரத்தைக் கடந்து, வண்டியைத் திருப்பிவிடுகிறது. அன்றைக்கு அந்தப் பையன் இரவு ஒன்பது மணி வரை கப் உருட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஐந்து வருடம் கழித்து, இப்போது கைப்பிடிச் சுவர் ஓரத்துக்கு மாறியிருந்த அதே பையனிடம், பேச்சுவாக்கில் சக்கரத்தின் சரிவைப் பற்றி மறுபடி சொல்லத் தொடங்கினேன். "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான். வராது என்றதும் பேனாவை மூடி வைத்தான்.

நீ பி.எட். படித்த காலத்துப் புத்தகங்களும் குறிப்புகளும் இன்னும் பரணில்தான் இருக்கின்றன. இறக்கிப் புரட்டினேன்; உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன் என்று சிரிக்காதே. மார்க் லெப்பர் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடன் இருந்த இருவரும் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை போகப் போகப் பிள்ளைகளுக்குப் பாடத்தின் மீதே இருக்கும் ஆசை குறைந்துகொண்டே வருவதையும், மதிப்பெண்ணுக்காகவும் ஆசிரியரின் பாராட்டுக்காகவும் படிப்பது அவ்வளவாக மாறாமல் இருப்பதையும் கண்டார்கள். அப்படியானால் உன் மகனுக்கு வந்திருப்பது தனியான கோளாறு அல்ல. ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற ஆய்வாளர் இதற்குச் சொன்ன காரணம் எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. தன் காரியத்தைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைக்கு வருகிற அதே வயதில்தான் பள்ளி இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. மற்றவன் முன்னால் தாழ்ந்து போகக் கூடாது என்று கூசுகிற வயதில்தான் ரேங்க் வாசிக்கப்படுகிறது. நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் பயம் எட்டாம் வகுப்பிலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் என் தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்குப் பத்து வயதிருக்கும்போது கிளை நூலகத்திலிருந்து எடுத்து வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஐந்து ரூபாய் தருவதாகச் சொன்னேன். அதற்கு முன்னால் தடித்த புத்தகங்களைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தவள், பணம் வந்த பிறகு மெல்லியதாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தாய். சம்பளம் இழுபறியான ஒரு மாதம் நான் நிறுத்தினேன்; நீ நூலக அட்டையையே திருப்பிக் கொடுத்துவிட்டாய். இதே லெப்பர் 1973-இல் படம் வரையும் சின்னக் குழந்தைகளிடம் பார்த்ததும் இதுதான். பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முதலிலேயே சொல்லி வரையச் சொன்ன குழந்தைகள், பின்னர் தம் விருப்பப்படி இருந்த நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள்.

வயது ஏறினால் ஆசை ஒரேயடியாக வற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாத பையன் ஒருவன் ஐ.டி.ஐ. முடித்து எங்களிடம் பயிற்சிக்கு வந்தான். தசமப் புள்ளி என்றால் ஓடுகிறவன், நுண்ணிய அளவு பார்க்கும் வெர்னியர் காலிபரைக் கையில் கொடுத்த இரண்டாவது வாரம் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக என்னோடு வாதாடினான். அவன் சொன்ன அளவுதான் சரியாகவும் இருந்தது. நம் தெரு கேரம் மன்றத்தில் பவுடர் போட்ட பலகையின் முன் மணிக்கணக்காகக் கோணம் பார்க்கிற பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடித்த அடி சரியா தப்பா என்பது அந்தப் பலகையில் அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. பள்ளியில் அதற்குத் திருத்திய விடைத்தாள் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆகையால் கொஞ்ச நாளைக்கு, அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எத்தனை மார்க்?" என்று கேட்பதை நிறுத்து. எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும். ஒரு தேர்வில் பத்து மதிப்பெண் குறைந்தாலும் பொறுத்துக்கொள். மாப்பிள்ளையிடமும் சொல், செல்போன் வாங்கித் தருகிறேன் என்ற பேரம் வேண்டாம்.

கோடை விடுமுறையில் இங்கே வந்தபோது அவன் நம் பழைய மிக்ஸியைக் கழற்றிப் போட்டதும், நீ திட்டியதும், பாதியில் விட்டுப் போனதும் நினைவிருக்கிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, வேறு ஒன்றும் இல்லை தாத்தா என்று அப்போதே சொன்னான். கடையில் கொண்டுபோய்க் கேட்டேன், அதேதான். புது பிரஷ் வாங்கி வைத்திருக்கிறேன், மிக்ஸியை நான் தொடவில்லை. அம்மா தினமும் அம்மியில் அரைத்துக்கொண்டு என்னைத்தான் பேசுகிறாள். அரையாண்டு விடுமுறைக்கு அவனை அனுப்பி வை.

அன்புடன்,
அப்பா