சலித்தது ஆட்டமா, அணியா?

அன்புள்ள கயல்,

பேஸ்பால் பார்க்கவே பிடிக்கவில்லை, வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். வயசு மேல் பழி போடாதே. நீ பார்த்து வளர்ந்த ஆட்டம் வேறு, இப்போது ஓடுவது வேறு. அது போதாதென்று உன் அணி ஓக்லண்ட் அத்லெடிக்ஸும் ஊரைக் காலி செய்துவிட்டது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததால் உனக்கு எல்லாம் ஒரே சலிப்பாகத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று தெரியும்.

எல்லோரும் சொல்லும் காரணம், ஆட்டம் ரொம்ப நீளம் என்பது. அது முன்பு உண்மைதான். அமெரிக்காவின் முதல்நிலை லீகான மேஜர் லீகில் 2021-இல் ஒன்பது இன்னிங்ஸ் முடியச் சராசரியாக 3 மணி 10 நிமிடம் ஆனது. 2023-இல் பந்து வீச நேரக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக் வந்ததும் 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. பேஸில் ஓடக் காத்திருக்கும் ஆள் (ரன்னர்) இல்லையென்றால் பந்து வீசும் பிட்சருக்கு 15 நொடி. ஆள் இருந்தால் 20 நொடி கொடுத்தார்கள், அடுத்த வருடம் அதையும் 18 ஆக்கினார்கள். நேரம் தாண்டினால் பிட்சர் கணக்கில் ‘பால்’ என்ற தவறான பந்து ஒன்று ஏறும், நாலு ஏறினால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம், அதுதான் வாக். கடிகாரம் 8-ஐத் தொடும்போது பேட்டர் தயாராக நிற்கவில்லையென்றால் அவர் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஆனால் ஸ்ட்ரைக்அவுட். ரன்னரை மிரட்டுவதற்காகப் பிட்சர் சும்மா சும்மா அந்தப் பக்கம் எறிந்துகொண்டிருப்பதும் போயிற்று. ஒரு பேட்டருக்கு இரண்டு தடவைதான் அந்த வேலை செல்லும். மூன்றாவது தடவை எறிந்து ரன்னரை அவுட் ஆக்க முடியாவிட்டால் ரன்னருக்கு ஒரு பேஸ் இனாம். பேஸ் பெட்டியையும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கினார்கள். அதில் முதல் பேஸுக்கும் இரண்டாவது பேஸுக்கும் நடுவே நாலரை அங்குலம் மிச்சமானது. பந்து அடிபடாமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் பேஸ் திருட்டு 2022-இல் 2,486 ஆக இருந்தது, 2023-இல் 3,503 ஆக ஏறியது. எனக்கு இந்த மாற்றங்கள் பிடித்தே இருக்கின்றன. ஆனால் அரை மணி நேரம் குறைந்தும் உனக்கு ஆர்வம் திரும்பவில்லையே, அப்படியானால் கோளாறு நேரத்தில் இல்லை.

கோளாறு, பந்து களத்துக்குள்ளேயே வராமல் போனதில் இருக்கிறது. 1980-இல் நூறு பேட்டர் வந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் ஸ்ட்ரைக்அவுட் ஆனார்கள். இப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று பேர். 2018-இல் முதல் தடவையாக ஒரு சீசனின் மொத்த ஸ்ட்ரைக்அவுட் 41,207, பேட்டர் அடித்து பேஸ் சேர்ந்த மொத்த ஹிட் 41,018 என்று கணக்கு தலைகீழானது. ஸ்ட்ரைக்அவுட், வாக், வேலி தாண்டி அடிக்கும் ஹோம் ரன் என்ற மூன்றிலும் பிட்சர், கேட்சர் தவிர மற்ற ஏழு ஃபீல்டர்களுக்கு வேலையே கிடையாது. நீ எதற்காக ஆட்டம் பார்த்தாயோ, அந்த ஏழு பேரும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

ஏன் இப்படி ஆனது என்றால், வேகம். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகப் பந்து வந்து சேர 0.4 நொடி. 2008-இல் வேகப்பந்தின் சராசரி 92 மைலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது, இப்போது 94-ஐத் தாண்டிவிட்டது. அதிவேகக் கேமரா வைத்து, விரல் எந்தத் தையலில் அழுந்தினால் பந்து எத்தனை அங்குலம் விலகுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகுகிறார்கள். அப்படிப்பட்ட பந்தில் மூன்று பேர் அடுத்தடுத்து ஹிட் அடித்து ஒரு ரன் சேர்ப்பது நடக்கிற காரியமா? அதனால் பேட்டர் மட்டையைக் கீழிருந்து மேலாகச் சுழற்றுகிறார். பந்து 25 முதல் 30 டிகிரி கோணத்தில் வேகமாகக் கிளம்பினால் வேலி தாண்டும், தவறினால் ஸ்ட்ரைக்அவுட். அவரளவில் அது சரியான கணக்கு. அந்தக் கணக்குக்கு எதிராக, பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவித்து வைத்ததும் சரியான கணக்கு. ஆளாளுக்குச் சரியான கணக்குப் போட்டு, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

2023-இல் அந்தக் குவிப்பையும் தடை செய்தார்கள். இரண்டாவது பேஸுக்கு இருபுறமும் இரண்டிரண்டு பேர், நால்வரின் காலும் இன்ஃபீல்டு எல்லைக்குள். லீகின் பேட்டிங் சராசரி .243-லிருந்து .248-க்கு எழும்பியது, 2024-இல் மறுபடி .243-க்கே வந்துவிட்டது. 1968-இல் .237 வரை விழுந்தபோது மருந்து சுலபமாக இருந்தது: பிட்சர் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள், அடுத்த வருடமே ரன் வந்தது. இன்றைய நோய் மேட்டில் இல்லை, பயிற்சிக் கூடத்தில் இருக்கிறது. விதி மாற்றி அதைப் பிடிப்பது கஷ்டம்.

பிட்சர்கள் காணாமல் போனது அடுத்த விஷயம். ஒரு பிட்சரை அதே பேட்டர் மூன்றாவது தடவை சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார் என்று புள்ளிவிவரம் சொல்கிறது, அது பொய்யில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தின் நாயகனையே பாதியில் உட்காரவைக்கிறார்கள். மேஜர் லீகின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரில், 2020-இன் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக டாம்பா பே 1-0 முன்னிலை. டாம்பா பிட்சர் பிளேக் ஸ்னெல் அதுவரை 73 பந்துதான் வீசியிருக்கிறார், ஒன்பது ஸ்ட்ரைக்அவுட். ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட் ஆன பிறகு ஒரு சிங்கிள் விழுகிறது. அடுத்து மூன்றாவது தடவையாக டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ். மேனேஜர் கெவின் கேஷ் நேரே நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். ஸ்னெல்லின் முகம் போன போக்கு நினைவிருக்கும். புதிதாக வந்தவரின் பந்தில் பெட்ஸ் இரண்டாவது பேஸ் வரை ஓடும் டபுள் அடித்தார், அதே இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் முன்னிலைக்குப் போனது, அன்றிரவே கோப்பையும் போயிற்று. 2022 ஏப்ரலில் டாட்ஜர்ஸ் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் 80 பந்தில் முடித்தபோதும் இறக்கிவிட்டார்கள். சீசன் தொடக்கம், பழைய காயம், நியாயம் இருக்கிறது. நியாயம் இருப்பதால் பார்ப்பவருக்கு வயிறு நிறைந்துவிடுமா? ஒரு ஆட்டத்தில் ஒரு மனிதரைப் பின்தொடர்வது போய், ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேல் பெயர் தெரியாத நாலு பேர் ஆளுக்கு ஒரு இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போகிறார்கள்.

இதெல்லாம் ஆட்டத்தின் கோளாறு. அணி விவகாரம் தனி. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.

1968-இல் கான்சஸ் சிட்டியிலிருந்து ஓக்லண்டுக்கு வந்த அத்லெடிக்ஸ், 1972, 73, 74 என்று வரிசையாக மூன்று, 1989-இல் இன்னொன்று என நான்கு உலகத் தொடர் வென்ற அணி. 2002-இல் தொடர்ந்து இருபது ஆட்டம் ஜெயித்த அணி. அதை எப்படி வற்றவைத்தார்கள் என்று தேதியோடு பார். 2022 மார்ச்சில் மேட் ஓல்சன் அட்லான்டாவுக்கு, மேட் சாப்மன் டொராண்டோவுக்கு. டிசம்பரில் கேட்சர் ஷான் மர்ஃபியும் அட்லான்டாவுக்கு. 2023-இல் ஓல்சன் அங்கே 54 ஹோம் ரன் அடித்தார், இங்கே அத்லெடிக்ஸ் 112 ஆட்டம் தோற்றது. நல்ல ஆட்களையெல்லாம் அனுப்பிவிட்டு, கூட்டம் வரவில்லை என்று குறை வேறு. அதற்குப் பதிலடியாக 2023 ஜூன் 13 செவ்வாய்க்கிழமை ரசிகர்கள் வேண்டுமென்றே அரங்கை நிரப்பினார்கள். 27,759 பேர், விற்றுவிடு என்று எழுதிய பச்சைச் சட்டைகள். ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். அதே வாரத்தில், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலம் அணியின் புது அரங்குக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரச் சட்டம் போட்டது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நவம்பரில் மேஜர் லீகின் முப்பது அணி உரிமையாளர்களும் ஒரு எதிர்ப்பு ஓட்டு இல்லாமல் லாஸ் வேகஸுக்கு அணி போகச் சம்மதித்தார்கள்.

2024 செப்டம்பர் 26-ஆம் தேதி ஓக்லண்டின் கொலிசியம் அரங்கில் கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். டெக்சஸை 3-2 என்று வென்றார்கள். 2025-இலிருந்து மேற்கு சாக்ரமென்டோவில், 14,000 பேர் கொள்ளும், கீழ்நிலை அணிகளுக்கான மைனர் லீக் அரங்கில் வாடகைக்கு இருக்கிறார்கள். பெயரில் ஊர் கிடையாது, வெறும் அத்லெடிக்ஸ். லாஸ் வேகஸ் அரங்கு 2028-க்கு என்று திட்டம். 2019-இல் கூடைப்பந்து அணி வாரியர்ஸ் பாலம் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோ போனது, 2020-இல் அமெரிக்கக் கால்பந்து அணி ரெய்டர்ஸ் லாஸ் வேகஸ் போனது, ஓக்லண்டுக்கு இது மூன்றாவது. இந்த அணியைப் பார்க்க மனம் வரவில்லை என்றால் உன் மனம் சரியாகத்தான் வேலை செய்கிறது. வேறு அணியைத் தத்தெடு என்று யாராவது சொன்னால் கேட்காதே, அது வராது. பந்தய விளம்பரம் பற்றி நீ எழுதியதும் நியாயமே. 2018-இல் விளையாட்டுப் பந்தயத்துக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்ட பிறகு ஒளிபரப்பு முழுக்க அதுதான். 2024 ஜூனில் தன் அணி ஆட்டத்திலேயே பந்தயம் கட்டிய வீரர் டுகுபிட்டா மர்கானோவுக்கு வாழ்நாள் தடை விதித்துவிட்டு, இடைவேளையில் அதே விளம்பரத்தைப் போடுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? அணியை விடு. வருடச் சந்தாவை விடு. ஆட்டத்தை மட்டும் ஒரு தடவை வேறு மாதிரி பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

அயோவாவில் நீ இருக்கும் டி மோய்னில் பிரின்சிபல் பார்க் என்ற அரங்கு இருக்கிறது. இரண்டு ஆறுகள் சேரும் இடம், சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் தங்கக் குவிமாடம் தெரியும். அங்கே அயோவா கப்ஸ், சிகாகோ கப்ஸின் டிரிபிள்-ஏ அணி, மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே. பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. செவ்வாய் அல்லது புதனில் போ, கூட்டம் குறைவு. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காராதே. முதல் பேஸ் பக்கம், கொஞ்சம் மேல் வரிசையில் உட்கார். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும் மூன்றாவது பேஸ்காரரும் எறியும் பந்து உன்னை நோக்கி வரும்.

பிட்சரைப் பார்க்காமல் ஷார்ட்ஸ்டாப்பைப் பார். ஒவ்வொரு பந்துக்கும் ஓரடி முன்னே வந்து இரு காலிலும் எடையைச் சமமாக இறக்குவார். முதல் பேஸில் ரன்னர் இருக்கும்போது தரையோடு ஒரு பந்து அவரிடம் வந்தால் கவனி. வலது கை பேட்டர் 90 அடி ஓடி முதல் பேஸைத் தொட நாலு நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்குள் ஷார்ட்ஸ்டாப் எடுத்து எறிய வேண்டும், இரண்டாவது பேஸ்காரர் பேஸை மிதித்து, காலைச் சறுக்கி வரும் ரன்னரிடமிருந்து தப்பி, திரும்பி எறிய வேண்டும், முதல் பேஸ்காரர் வாங்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது முதல் எறிதலில்: நெஞ்சுக்கு நேரே வராமல் முழங்காலுக்கு வந்தால் நடு ஆள் குனிந்து நிமிர்வதற்குள் நேரம் போய்விடும். டிவியில் இந்த முதல் எறிதல் சரியாகத் தெரியவே தெரியாது, கேமரா பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

கையில் ஸ்கோர் அட்டை வைத்துக்கொள். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடமிருந்து வலமாக அவுட்ஃபீல்டு 7, 8, 9. மேலே சொன்னது, ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கும் டபுள் பிளே, 6-4-3. மட்டையைச் சுழற்றி ஸ்ட்ரைக்அவுட் ஆனால் ஆங்கில K, சும்மா நின்று ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போடு. பழகாதவர்கள் ஒவ்வொரு பந்தையும் குறிக்கப் பார்த்து, பிட்ச் கிளாக் ஓடும் வேகத்தில் மூன்றாவது இன்னிங்ஸிலேயே தடுமாறி விட்டுவிடுவார்கள். முடிவை மட்டும் எழுது. பேனா வேண்டாம், பென்சில். ஒவ்வொரு பேட்டர் பெயருக்குக் கீழேயும் ஒரு வரி காலியாக விடு, மாற்று ஆள் வருவார். ஒரே இன்னிங்ஸில் ஒன்பது பேரும் ஆடிவிட்டு முதல் ஆள் மறுபடி வந்தால் அடுத்த கட்டத்தில் தொடர்ந்து எழுதி, மேலே இன்னிங்ஸ் எண்களை ஒவ்வொன்று தள்ளிப் போட்டுக்கொள்.

கோடையில் இங்கே வந்தால் மேற்கு ஓக்லண்டில் ரைமண்டி பார்க் இருக்கிறது. பயனியர் லீக் என்ற சிறிய லீகில் 2024-இல் தொடங்கிய ஓக்லண்ட் பாலர்ஸ் அணி அங்கேதான் ஆடுகிறது. 2025-இல் கோப்பையும் வென்றுவிட்டார்கள். டிரிபிள்-ஏ தரம் இல்லை, பிழைகள் அதிகம். பிழை அதிகம் என்றால் ஓட்டமும் அதிகம். அணியின் பேரிலேயே ஊரின் பேர் இருக்கிறது, அதற்காகவே போகலாம்.

வீட்டில் இருந்தபடி கேட்க வேண்டும் என்றால் மேஜர் லீகின் ஒலிபரப்புச் சந்தா மட்டும் வாங்கு. காட்சிச் சந்தாவைவிட மிகவும் மலிவு, உள்ளூர் அணிகளின் ஆட்டத்தை மறைத்துவைக்கும் தொல்லையும் அதற்குக் கிடையாது. காட்சியில்தான் தொல்லை. அயோவாவில் ஒரு அணிகூட இல்லை, ஆனால் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் என்று ஆறு அணிகளை உன் உள்ளூர் அணி என்று கணக்கு வைத்து மறைத்து வந்தார்கள். வட்டார சேனல்கள் நடத்திய நிறுவனம் 2023-இல் திவாலானதிலிருந்து இந்த ஏற்பாடு மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் எதற்கும் பணம் கட்டும் முன் ஜிப் கோடைப் போட்டு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்துவிடு.

பழைய சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். எங்கே வாங்கினாயோ, செயலிக் கடையிலா நேரடியாகவா, அங்கேயே போய்த்தான் நிறுத்த வேண்டும், ஃபோனிலிருந்து செயலியை நீக்கினால் நிற்காது. இன்னொன்று, வீரர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு முடிகிறது. போன தடவை முடிந்தபோது 99 நாள் கதவை இழுத்து மூடிவைத்திருந்தார்கள். புது ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை 2027-க்கு ஒரு டாலரும் கட்டாதே.

அன்புடன்,
அம்மா