நிராகரிப்புக் கடிதத்தை விண்ணப்பித்தவரிடமும் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஒரு சிறிய பொறியியல் நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டு நிபுணர்களுக்கு மனிதவள அமைச்சு தரும் வேலை அனுமதியான, இபி என்று நாம் சொல்லும் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பம் போடுவது என் வேலை. கடந்த ஆண்டு நடந்த ஒன்றை எழுதியே ஆக வேண்டும். அதில் தவறு எங்கள் பக்கம்தான்.

பைப்பிங் டிசைனர் வேலைக்கு இந்தியாவிலிருந்து 31 வயது இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். விண்ணப்பம் போட்ட இரண்டு வாரத்தில் நிராகரிப்பு வந்துவிட்டது. வீடியோ அழைப்பில் சொன்னேன். அவருக்குப் பின்னால் கட்டில்மேல் பாதி அடுக்கிய பெட்டி திறந்து கிடந்தது. பழைய வேலையை அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் விட்டிருக்கிறார். "மேடம், நான் எதுல குறைஞ்சு போயிட்டேன்?" என்று கேட்டார். பதில் என் மேசையிலேயே இருந்தது. ஆனாலும் "அமைச்சோட முடிவு தம்பி" என்று சொல்லி முடித்துவிட்டேன். நிறுவனத்துக்கு வரும் கடிதத்தை வெளியே காட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை.

காம்பஸ் புள்ளி போதவில்லை என்பதுதான் காரணம். 2023 செப்டம்பர் முதல் புது இபி விண்ணப்பங்களுக்கு இந்தப் புள்ளிமுறை இருக்கிறது. முதலில் சம்பள வரம்பைத் தாண்ட வேண்டும். 2025 ஜனவரி முதல் அது மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அது மிக இளையவர்களுக்கு. வயது ஏற ஏற வரம்பும் ஏறும். அதைத் தாண்டிய பிறகு சம்பளம், படிப்பு, ஊழியர்களிடையே நாட்டுப் பன்மை, உள்ளூர்வாசிகளுக்குத் தந்திருக்கும் வேலை என நான்கிலும் சேர்த்து 40 புள்ளி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. எங்களைப் போல 25 பேருக்கும் குறைவான நிபுணர், நிர்வாகிகள் உள்ள நிறுவனத்துக்குக் கடைசி இரண்டிலும் தானாகவே பத்துப் பத்து கிடைத்துவிடும். அவருடைய சம்பளத்துக்கும் 10 கிடைத்தது. ஆக 30.

மீதி 10 அவருடைய பட்டத்தில் இருந்தது. பட்டத்துக்குப் புள்ளி வேண்டுமானால் அது உண்மையானது என்று சரிபார்த்த அத்தாட்சியை இணைக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஆள் அவசரமாக வேண்டும் என்று படிப்பு விவரத்தையே நாங்கள் காட்டாமல் விட்டிருந்தோம். நாலு வருடம் படித்து வாங்கிய பட்டம் விண்ணப்பத்தில் இல்லவே இல்லை. அது அவருக்கே தெரியாது.

அப்புறமும் ஒரு தப்பு செய்தோம். மேல்முறையீட்டை நிறுவனம்தான், மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். அதுவும் கடிதத்தில் சொன்ன குறைக்குப் பதில் இருந்தால்தான் பயன். நாங்களோ அவர் எவ்வளவு திறமைசாலி, எங்களுக்கு அவர் எவ்வளவு தேவை என்று மூன்று பக்கம் எழுதினோம். புதிதாக ஒரு தாள்கூட இணைக்கவில்லை. அதுவும் நிராகரிக்கப்பட்டது. அன்றைக்குத்தான் கடிதத்தை அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்துவிட்டார். "மேடம், என் டிகிரியை ஏன் போடலை?" அவ்வளவுதான், விஷயம் வெளியே வந்துவிட்டது. அவரே அலைந்து மூன்று வாரத்தில் சரிபார்ப்பு அத்தாட்சியை வாங்கி அனுப்பினார். 105 வெள்ளி கட்டிப் புதிதாக விண்ணப்பித்தோம். ஐபிஏ, அதாவது கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம், வந்தது. அதற்குள் அவர் சம்பளமில்லாமல் நாலு மாதம் வீட்டில் இருந்துவிட்டார்.

இன்னொரு இடத்தில் விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட ஒருவரிடம், கடிதத்தையே காட்டாமல், மறுபடி முயல 2,000 வெள்ளி வேண்டும் என்று இடைத்தரகர் கேட்டிருக்கிறார். என்ன குறை என்று தெரியாமல் எதற்குப் பணம் கொடுப்பது? கேட்டபோது வயிறு எரிந்தது.

வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் தயவுசெய்து கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த விவரத்தைக் காட்டி விண்ணப்பித்தார்கள் என்றும் கேளுங்கள். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே நிறுவனத்தை அதில் பார்க்கச் சொல்லுங்கள். ஐபிஏ கைக்கு வராமல் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

இப்போது எங்கள் அலுவலகத்தில், நிராகரிப்பு வந்த அன்றே கடிதத்தின் நகலை விண்ணப்பித்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். முதலாளி முதலில் தயங்கினார், அப்புறம் சரி என்றார். மற்ற நிறுவனங்களில் என்னைப் போல இந்த வேலை பார்ப்பவர்களும் தங்கள் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சிங்கப்பூர்