சோறு சாப்பிடும் கை

ஏற்காடு,
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

ஆடியில் நீ எழுதிய கடிதத்துக்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குச் சேலத்தில் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செல்வி துணைக்குப் போய்ப் பதினோரு நாளாகிறது. காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டதால் எடை போட்டு, பேரேட்டில் ஏற்றிவிட்டு நான் வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடுகிறது. அதுவரை யாழினி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறாள். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் பேத்திக்குக் காது குத்தினார். நீ வரவில்லை என்று அவருக்கு வருத்தம்.

சென்ற திங்கட்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரவு ஏழு மணிக்கு மின்சாரம் போனது. அப்போது யாழினி குளியலறைக்குள் இருந்தாள். கதவைத் தாழிட்டிருந்தாள். இந்தப் பழைய வீட்டுத் தாழ்ப்பாளை நீ பார்த்திருக்கிறாய். குமிழைக் கொஞ்சம் தூக்கிப் பிறகுதான் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். விளையாட்டாகப் போட்டுவிட்டாள், எடுக்கத் தெரியவில்லை. "அப்பா, உள்ளே வந்து திற" என்று கதறினாள். உள்ளே இருப்பவள்தான் திறக்க முடியும் என்பதே அவளுக்குப் புரியவில்லை. கதவு என்றால் வேறு யாராவது திறப்பது, அவ்வளவுதான்.

நான் வெளியே நின்று சொல்லிக்கொடுத்தேன். குமிழைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். இடது பக்கம் தள்ளு என்றேன். இடது எது என்று தெரியவில்லை. "சோறு சாப்பிடும் கை எது கண்ணு? அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளு" என்றேன். அழுகைக்கு நடுவே பதில் வந்தது: "அம்மா கை."

சண்முகம், அந்த இடத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்தரை வயதுப் பிள்ளை. நாங்கள் ஊட்டித்தான் விடுகிறோம். பள்ளி வேன் வந்துவிடும் என்ற அவசரத்தில் ஒவ்வொரு வாயாகத் திணித்து அனுப்புகிறோம். பொத்தான் போடுவது நான், ஷூ மாட்டுவது செல்வி, முகம் துடைப்பது அத்தை. பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கிறோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு கைகளையும் அவளிடம் நாங்கள் கொடுக்கவே இல்லை.

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, வெளிப்பக்கச் சிறு ஜன்னல் வழியாக டார்ச் அடித்தேன். "வெளிச்சம் வருகிற பக்கமாகத் தள்ளு" என்றேன். இரண்டு முறை வழுக்கியது. துண்டைக் குமிழ்மேல் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். மூன்றாம் முறை டக் என்று சத்தம். வெளியே வந்தவளின் ஆள்காட்டி விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவளே கேட்டாள்: "இன்னொரு தரம் திறக்கவா?"

மறுநாள், நாகலூரில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர், பிள்ளைகள் தாங்களே செய்து கற்கும் மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்றவர். 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி அம்மையார் தொடங்கிய முதல் பள்ளியிலேயே பிள்ளைகள் துடைப்பது, கழுவுவது, சட்டை மாட்டுவது எல்லாம் பாடமாம். பொத்தான் பழகுவதற்கென்றே மரச்சட்டத்தில் துணியைப் பொருத்தி வைப்பார்களாம். 1939இல் அந்த அம்மையார் அடையாறுக்கு வந்திருக்கிறார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்திருக்கிறார். நம் மலை போன்ற ஒரு மலையில், இதே குளிரில், பிள்ளைகளின் விரல்களைக் கவனித்துக்கொண்டு ஒருவர் இருந்திருக்கிறார் என்று நினைக்கவே எனக்குச் சிலிர்த்தது.

டீச்சர் சொன்னது எளிமையானது. வாயால் விளக்காதே, மெதுவாகச் செய்து காட்டு. கடைசிப் படியை மட்டும் பிள்ளைக்கு விடு. ஸ்வெட்டரில் ஐந்து பொத்தான். நான்கை நான் போட்டேன், கடைசி அவளுக்கு. அதுவும் கீழ்ப்பொத்தான், ஏனென்றால் கழுத்துப் பொத்தான் அவள் கண்ணுக்கே தெரியாது. இடது விரல்கள் துளையை விரித்துப் பிடிக்க, வலது கட்டைவிரல் பொத்தானின் விளிம்பைச் சாய்த்து உள்ளே தள்ளுகிறது. பாதி நுழைந்ததும் இந்தக் கை விட்டுவிட்டு அந்தக் கை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கைமாற்றத்தில்தான் நழுவுகிறது. நான்கு நாள் நழுவியது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதவாமல் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய வேலை. ஐந்தாம் நாள் நுழைந்தது. இப்போது மூன்று போடுகிறாள்.

சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்ற முதலில் கேழ்வரகைக் கொடுத்தேன், பிறகு அரைச் சொம்புத் தண்ணீர். கைக்கெட்டும் ஆணியில் ஒரு துணி தொங்குகிறது; சிந்தினால் அவளே துடைக்கிறாள். குளிக்கும்போது பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு, அதுவும் நான் ஊற்றினால்தான். அடுப்புப் பக்கம் இப்போதைக்கு விடமாட்டேன். என் செல்பேசி எண்ணைப் பாட்டாகப் பாடுகிறாள், கூடவே குழந்தைகள் உதவி எண் 1098ஐயும். சோறு அவள் கையாலேயே. பாதி தரையில் விழுகிறது, விழட்டும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஏழு வயதுப் பெண் தம்பியை இடுப்பில் சுமந்தபடி அடுப்பு மூட்டுவதையும் தினமும் பார்க்கிறேன். அதைச் சாமர்த்தியம் என்று மெச்ச எனக்கு மனம் வரவில்லை. அது அந்தப் பிள்ளைமேல் ஏற்றிய பாரம். யாழினிக்கு நான் விரும்புவது அவளுடைய சொந்த வேலைகள் அவள் கைக்கு வருவது மட்டும்.

உனக்கு ஏன் இத்தனை பக்கம் என்று கேட்பாய். விடுதியில் முதலாண்டு உன் அழுக்குத் துணி மூட்டை வாராவாரம் ஆத்தூர் பஸ்ஸில் ஏறிப் போனதே! கண்டக்டர் உன்னை "சலவை மாப்பிள்ளை" என்று கூப்பிட்டபோது நான்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தேன். ஆனால் ஓர் இரவு கிணற்றடியில் சோப்பை வைத்துக்கொண்டு நீ அழுததை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லையே என்றாய். உன் மகன் கவினுக்கு நான்கு வயது முடியப்போகிறது. செல்பேசியைக் காட்டித்தான் சோறு இறங்குகிறது என்று தங்கச்சி சொன்னதைக் கேட்டதிலிருந்து அந்தக் கிணற்றடிதான் நினைவுக்கு வருகிறது. அவனுக்கு அந்த இரவு வேண்டாம், சண்முகம்.

செல்வி புதன்கிழமை வருகிறாள். கூடவே அத்தையும். அத்தைக்குப் பேத்திக்கு ஊட்டாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. யாழினி எதிரில் பேசமாட்டேன். கண்கட்டு பிரித்த பிறகு அந்தப் பொத்தானைப் பார்க்கட்டும்.

பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் உனக்கு எலுமிச்சம்பழம் வேண்டும், மறக்காதே. கவினுக்கு ஸ்வெட்டர் வாங்கினால் பொத்தான் வைத்ததாக வாங்கு, ஜிப் வேண்டாம். பொத்தான் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

அன்புடன்,
முருகேசன்